விழக் கற்றல்: தற்காப்புக் கலை வகுப்பைக் கிறிஸ்தவ குணப்பயிற்சியாக்கும் முறை

கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்" என்று பவுல் சொல்வதாக நம் பழைய தமிழ் வேதாகமத்தில் வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அங்கே நிற்பது குத்துச்சண்டையைக் குறிக்கும் சொல். கொரிந்துக்கு அருகில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த இஸ்த்மிய விளையாட்டுகளை அறிந்தவர்களுக்குப் பவுல் எழுதினார். தமிழில் பெயர்த்தவர்களோ தம் வாசகருக்குக் கண்ணெதிரே சுழலும் கலை எதுவென்று பார்த்துச் சிலம்பத்தை வைத்தார்கள். அடுத்த வசனத்தில் "என் சரீரத்தை ஒடுக்கி" என்று வரும் இடத்தில் மூலச்சொல்லின் நேர்ப்பொருள், கண்ணுக்குக் கீழே குத்துவது என்பதாகும். பவுல் சண்டைக்களத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எழுதவில்லை.

காற்றை அடிப்பது எளிது. காற்று திருப்பி அடிக்காது, சோர்ந்து போகாது, நம்மைவிடத் திறமையாக நின்று நம்மை வெட்கப்படுத்தாது. பொறுமை, சாந்தம், தாழ்மை ஆகியவற்றைப் பற்றி ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். முப்பத்தெட்டாம் வயதில் மகனோடு சேர்ந்து ஜூடோ வகுப்பில் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டபோதுதான், அத்தனை ஆண்டும் பெரும்பாலும் காற்றையே அடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. சிங்கப்பூரில் பிள்ளைகளை ஜூடோ, டேக்வாண்டோ, கராத்தே, சிலம்பம் என்று ஏதோ ஒரு வகுப்பில் சேர்த்திருக்கும் கிறிஸ்தவப் பெற்றோருக்கும், திருச்சபை இளையோர் கூட்டத்தை நடத்துபவர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஜூடோவிலிருந்து வருகின்றன. எனக்கு ஓரளவு தெரிந்த கலை அது ஒன்றுதான்.

சேர்வதற்கு முன்

எந்தக் கலை என்பதைவிட எந்த ஆசிரியர் என்பதே முக்கியம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் எத்தனை பதக்கங்கள் தொங்குகின்றன என்று எண்ண வேண்டாம். வகுப்பிலேயே மிகவும் மெதுவாகக் கற்கும் பிள்ளை தவறு செய்யும்போது ஆசிரியர் முகம் எப்படி மாறுகிறது, தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்ட மாணவனை எதிராளி எவ்வளவு விரைவாக விடுவிக்கிறான், பெரிய மாணவர்கள் சின்னவர்களோடு பயிற்சி செய்யும்போது தங்கள் பலத்தைக் குறைத்துக்கொள்கிறார்களா, இந்த மூன்றையும் கவனித்தால் போதும். சிறு பிள்ளைகளுக்கு மூட்டுப்பூட்டும் கழுத்துநெரிப்பும் பொதுவாகக் கற்பிக்கப்படுவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்துப் பெருமைப்படும் ஆசிரியரைக் கண்டால், வணக்கம் சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

நேரத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபைக்குப் போகிறவர்களானாலும், டோர்செட் சாலையிலுள்ள கிறைஸ்ட் சர்ச்சுக்கோ ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்திற்கோ போகிறவர்களானாலும், குடும்பமாகத் தமிழில் ஆராதிக்கும் நாள் ஞாயிறுதான். சமூக மன்றங்களிலும் தனியார் நிலையங்களிலும் வார இறுதி வகுப்புகளுக்கே கூட்டம் அதிகம். "ஒரு மாதம் மட்டும் ஞாயிறு வகுப்புக்குப் போகட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று தொடங்கியவர்களில் மாற்றிக்கொண்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. வாரநாள் மாலையில் இடம் இல்லையென்றால் காத்திருப்பது நல்லது. காத்திருப்பதே முதல் பாடமாகவும் அமையலாம்.

தலை வணங்குவதைப் பற்றிய கேள்வி எல்லாத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும் எழும். ஜூடோவில் விரிப்பில் ஏறும்போதும் இறங்கும்போதும், பயிற்சித் துணைவரின் முன்னும் தலை வணங்குவார்கள். அது வழிபாடா மரியாதையா என்று என் தாயார் கேட்டார். எதிரே நிற்கும் மனிதனை வணங்குவது, "உன் உடம்பை என்னிடம் ஒப்படைக்கிறாய், கவனமாக வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதற்குச் சமம் என்று நான் புரிந்துகொண்டேன். அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் எல்லா வகுப்புகளும் ஒன்றல்ல. சில இடங்களில் நிறுவனரின் படத்தின் முன் வணங்குவார்கள், சில இடங்களில் கண்மூடித் தியானிப்பார்கள், சிலம்பத்தில் நிலம் தொட்டு வணங்கித் தொடங்குவது மரபு. ரிம்மோன் கோவிலில் தன் அரசனுக்குக் கைகொடுத்துக் குனிய வேண்டிய நிலையைப் பற்றிச் சீரியப் படைத்தலைவன் நாகமான் மனம் கலங்கிக் கேட்டபோது, தீர்க்கதரிசி எலிசா அவனுக்கு விதிமுறைப் பட்டியல் எதையும் தராமல் "சமாதானத்தோடே போ" என்றார். எங்கே கோடு போடுவது என்பதைக் குடும்பமாகப் பேசி, ஆசிரியரிடம் தனியே, மரியாதையாக, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்மூடும் நேரத்தில் பிள்ளை அமைதியாக ஜெபிக்கலாம். எந்த ஆசிரியரும் அதைத் தடுத்து நான் பார்த்ததில்லை. நடு வகுப்பில் பிள்ளையைத் தனியாக நிற்கவைத்து அதை ஒரு சாட்சியாக்க வேண்டிய தேவை இல்லை.

விழும் பயிற்சி

ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் கோடோக்கான் என்னும் ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜூஜுட்சுவின் ஆபத்தான பிடிகளை விலக்கி, முழு வேகத்தில் பயின்றாலும் உயிரோடு வீடு திரும்பக்கூடிய ஒரு கலையாக ஜூடோவை உருவாக்கினார். அதைச் சாத்தியமாக்கியவற்றுள் முதன்மையானது உக்கேமி என்னும் விழும் முறை. புதியவருக்கு முதல் சில வாரங்கள் பெரும்பாலும் அதிலேயே கழியும். பிள்ளைகளுக்கு இது சலிப்பூட்டும். பெற்றோருக்கு இன்னும் சலிப்பு: "பணம் கட்டி விழவா அனுப்பினேன்?"

அதை நெருங்கிப் பாருங்கள். பின்னால் விழும்போது முகவாயை மார்போடு ஒட்டி, கண்ணைத் தன் பெல்ட் முடிச்சின்மேல் வைக்க வேண்டும். அப்போது பின்னந்தலை தரையில் படாது. முதுகு தொடும் அதே கணத்தில் இரு கைகளையும், உடம்பிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கை கீழாக, விரிப்பில் ஓங்கி அறைய வேண்டும். வீழ்ச்சியின் வேகம் கைகளின் பரப்பில் சிதறிப்போகும். மூச்சை அடக்கக் கூடாது, வெளியே விட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், தரையை நோக்கிக் கையை ஊன்றக் கூடாது. விழாமல் தப்பிக்கக் கையை நீட்டுகிறவனுக்குத்தான் மணிக்கட்டும் முழங்கையும் காறையெலும்பும் உடைகின்றன. விழுந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டவனுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இதை என் மகன் என்னைவிட வேகமாகக் கற்றான். ஒன்பது வயதில் விழுவது வெட்கமில்லை. என் வயதில் அது வெட்கம். அதனால் என் கை தானாக நீளும். மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை, என் கை மறுபடியும் நீண்டதைக் கண்ட ஆசிரியர், "உங்களுக்கு விழத் தெரியும். விழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள்" என்றார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அன்றிரவு எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது, அலுவலகத்தில் நான் செய்த ஒரு பிழையைக் கூட்டாளியின் கணக்கில் தள்ளிவிடும் வகையில் எழுதி, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது. ஊன்றிய கைதான் அதுவும்.

ஆகவே விழும் பயிற்சியிலிருந்து குணப்பாடம் எடுக்க விரும்பினால், "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" என்ற நீதிமொழியைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வசனம் எழுவதைப் பேசுகிறது. விரிப்பு அதற்கு முந்திய கணத்தை, எப்படி விழுந்தோம் என்பதைக் கேட்கிறது. வகுப்பு முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது பிள்ளையிடம், "இன்று எத்தனை முறை ஜெயித்தாய்?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, "இன்று எப்போது கையை ஊன்றினாய்?" என்று கேளுங்கள். சில வாரங்களில் அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிடும். உடைந்த கோப்பையைக் குப்பைத்தொட்டியின் அடியில் ஒளித்த அன்று என் மகனே வந்து, "அப்பா, கையை ஊன்றிவிட்டேன்" என்றான். முதலில் நீங்கள் உங்கள் கதையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விசாரணையாகிவிடும். மின்னஞ்சலைப் பற்றி நான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

விடாமல் பிடிக்கும் கை, உடனே விடும் கை

ஜூடோவில் எறிபவர் எதிராளியின் சட்டைக்கையைப் பிடித்திருப்பார். எறிந்து முடித்த பின்னும் அந்தப் பிடியை விடக் கூடாது. விழுபவர் தரையைத் தொடும் தறுவாயில் அந்தக் கையை மேல்நோக்கி இழுத்துக் கொடுத்தால், அவர் தோளோ தலையோ மோதாமல் பக்கவாட்டில் இறங்குவார். எறிதலின் பாதி வேலை எறிந்த பிறகுதான் இருக்கிறது. கானோ வகுத்த இரண்டு நெறிகளில் ஒன்று, தானும் பிறரும் சேர்ந்து வளர வேண்டும் என்பது. அந்த நெறி துணியில் தெரியும் இடம் இந்தச் சட்டைக்கை. பிறனை நேசி என்ற கட்டளையைப் பிள்ளைக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குக் கிடைத்ததில்லை, ஏனென்றால் இங்கே நேசிக்கப்பட வேண்டியவன், நீ இப்போதுதான் தோற்கடித்தவன்.

இதற்கு மறுபக்கம் தட்டுதல். மாட்டிக்கொண்டவர் விரிப்பையோ எதிராளியின் உடம்பையோ இரண்டு முறை தட்டினால் அத்தோடு முடிந்தது. பிடித்தவர் அந்தக் கணமே விட வேண்டும். ஒரு நொடி கூடுதலாகப் பிடிப்பதும் கொடுமை. பிள்ளையிடம் இரண்டு பக்கத்தையும் கவனியுங்கள். தட்டவே மாட்டேன் என்று பல்லைக் கடிப்பவனிடம் வீரம் இருப்பதாகத் தோன்றும், உள்ளே இருப்பது பெரும்பாலும் வீம்பு. தட்டிய பிறகும் விடாதவனைப் பற்றி ஆசிரியரிடம் உடனே பேசுங்கள், அவன் உங்கள் பிள்ளையாகவே இருந்தாலும்.

நான் செய்த தவறு இங்கேதான். ஒரு சனிக்கிழமை, சுதந்திரப் பயிற்சியில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் என்னை நான்கு முறை தொடர்ந்து எறிந்தான். நான்காம் முறை சிரித்தான். ஐந்தாம் சுற்றில் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. எறிந்தேன், சட்டைக்கையை விட்டுவிட்டேன். தெரிந்தே விட்டேன். அவன் தோளில் விழுந்து சிறிது நேரம் எழவில்லை. பெரிய காயமில்லை, இரண்டு வாரம் வலி. மறுநாள் காலை நான் ஞாயிறு பள்ளியில் ஆவியின் கனியைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற இயேசுவின் சொல்லை அதுவரை அழகான உவமை போல வாசித்திருந்தேன். அன்று அது காலை எட்டு மணிக்குச் செய்ய வேண்டிய தொலைபேசி அழைப்பாக இருந்தது. அவன் தந்தையிடமும் பேசினேன். "சிரித்தான்" என்ற சொல்லைச் சேர்க்காமல் மன்னிப்புக் கேட்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. ஒருமுறை வாய்வரை வந்துவிட்டது. யாரையாவது காயப்படுத்திவிட்டால், அதே நாளில், காரணம் சேர்க்காமல் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதை வீட்டு விதியாக வையுங்கள். பிள்ளை கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் அவனுக்காக நீங்கள் பேசக் கூடாது.

பெல்ட் தேர்வில் தோற்றால்

டேக்வாண்டோ பயிலும் பிள்ளைகள் பலர் மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம் என ஐந்து நெறிகளை ஒப்பிப்பார்கள். கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் ஆவியின் கனியாகப் பவுல் அடுக்கும் ஒன்பதில் கடைசியாக வருவது இச்சையடக்கம். இரண்டும் சந்திக்கும் இடம் அது. பிரியும் இடமும் உண்டு. ஐந்து நெறிகளும் பயின்று அடைபவை. பவுல் சொல்வது கனி. கனிக்குத் தேர்வு இல்லை, நிறம் கட்டிக் காட்டவும் முடியாது. "பச்சை பெல்ட் வாங்கிவிட்டான், இப்போது ரொம்பப் பொறுமை" என்று உறவினரிடம் சொல்லும் பெற்றோர், பிள்ளை தோற்கும் நாளில் அவனுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் நிற்பார்கள்.

தோற்ற நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் சாப்பாடு. உணவங்காடியில் அவனுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்து, அன்று மாலை அதைப் பற்றிப் பேசாதீர்கள். தேர்வாளரைக் குறை சொல்லவே சொல்லாதீர்கள். அடுத்த வகுப்பில் தேறியவர்களை அவனே வாழ்த்தட்டும், பின்னர் எங்கே தவறியது என்று ஆசிரியரிடம் அவனே கேட்கட்டும். "ஒருவன் மல்யுத்தம்பண்ணினாலும், சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்" என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதை இந்தச் சமயத்தில் எடுத்துவிட ஆசை வரும். ஒரு வாரம் கழித்து எடுங்கள்.

மறு கன்னம்

"யாராவது அடித்தால் திருப்பி அடிக்கலாமா?" என்று பிள்ளை கேட்பான். வலது கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் திருப்பிக் கொடு என்று வாசித்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி நியாயமானது. வலக்கைக்காரன் ஒருவன் எதிரே நின்று வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் அறைய முடியும். அது கொல்ல வந்தவனின் அடியைவிட அவமதிப்பவனின் அடிக்கே பொருந்தும் என்று விளக்குவோர் பலர். எனக்கும் அது சரியென்றே படுகிறது. பிரதான ஆசாரியன் முன் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார்.

பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்தது இது: கேலிக்கும் தள்ளலுக்கும் கை ஓங்காதே. விலகு, உரக்கப் பேசு, ஆசிரியரிடம் சொல். உடலுக்கு உண்மையான ஆபத்து வந்தால், தப்பிப்பதற்குத் தேவையான அளவு மட்டும் பலத்தைப் பயன்படுத்து, பிறகு ஓடு, 999க்கு அழை. சிங்கப்பூர்ச் சட்டமும் தற்காப்புரிமையை ஏற்கிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய அடியை அந்த உரிமை காப்பாற்றாது. பள்ளியில் தன் எறிதலைக் காட்டிப் புகழ் தேடும் பிள்ளையை ஒரு மாதம் வகுப்பிலிருந்து நிறுத்திவையுங்கள். கடுமையாகத் தோன்றும், பலன் தரும்.

இளையோர் கூட்டத்தில்

திருச்சபை மண்டபத்தில் இதைச் செய்ய விரும்பும் தலைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தகுதி பெற்ற பயிற்றுநரும் தக்க விரிப்பும் இல்லாமல் யாரையும் எறியவோ விழவோ வைக்காதீர்கள். அவை இல்லாமலே ஒன்றைச் செய்யலாம். இருவர் இருவராக எதிரெதிரே நின்று, சட்டைக்கையைப் பிடித்து, ஒருவர் தள்ள மற்றவர் எதிர்த்துத் தள்ளட்டும். பிறகு தள்ளப்படுபவர் எதிர்க்காமல் ஓரடி பக்கவாட்டில் விலகட்டும். தள்ளியவர் தானே தடுமாறுவார்; அப்போது விலகியவர் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். பத்து நிமிடம் போதும். "எதிர்த்தபோது மனதில் என்ன இருந்தது, பிடித்து நிறுத்தியபோது என்ன இருந்தது?" என்று கேளுங்கள். நீதிமொழிகள் 27:17இல் இரும்பை இரும்பு கருக்கிடும் (கூர்மையாக்கும்) என்று வருவதை அதன்பின் வாசித்தால், இளையோர் அதைப் பற்றித் தாங்களாகவே பேசுவார்கள். நீங்கள் பேச வேண்டியது குறைவு.

எவ்வளவு, எதுவரை

"சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று பவுலே எழுதினார். அற்பம்தான், ஆனால் பிரயோஜனம். வாரத்துக்கு இரண்டு வகுப்பு பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கு நான்கு, ஐந்து என்று ஏறும்போது, குடும்ப ஜெபமும் உறக்கமும் எங்கே போயின என்று கணக்குப் பாருங்கள். பயிற்சிச் சீருடையைப் பிள்ளையே துவைத்துக் காயப்போடட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கனத்த ஜூடோ சட்டை மூங்கில் கழியில் காய ஒரு முழுநாள் எடுக்கும், ஆகவே நேரத்தோடு நினைவில் வைத்துச் செய்வதும் அவன் பொறுப்பு.

தொடக்கநிலை ஆறாம் ஆண்டில் பெரும்பாலோர் தேர்வுக்காக நிறுத்திவிடுகிறார்கள். முழுதாக நிறுத்துவதைவிட வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் நிறுத்தினால், திரும்பி வரும் நாளை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்த நாளில் உயரம் கூடியிருக்கும், பெல்ட் அதே நிறத்தில் இருக்கும், சின்னவர்கள் சிலர் முந்திப் போயிருப்பார்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்கு எறிதல் வேண்டாம், விழும் பயிற்சி மட்டும் போதும் என்று நீங்களே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்துத் தசைகள் மறந்திருக்கும். கையும் மறுபடி நீளத் தொடங்கியிருக்கும்.